கோதாவரிக் கரையில் நம் ஏனாம்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

முதலாண்டின் முதல் வாரத்தில், வகுப்பில் ஒவ்வொருவரையும் எழுப்பிச் சொந்த ஊரைக் கேட்டார் பேராசிரியர். வில்லியனூர், பாகூர், திருபுவனை, காரைக்கால் என்று வரிசையாகச் சொல்லிவந்தோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து "ஏனாம்" என்றான். "ஆந்திராவா?" என்று யாரோ கேட்டார்கள். வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. "புதுச்சேரிதான் சார்" என்று சொல்லி உட்கார்ந்தான்.

சிரித்தவர்களில் நானும் ஒருவன். பின்னர் அவனே என் விடுதி அறைத் தோழனானான். சென்ற பொங்கல் விடுமுறையில் அவனோடு ஏனாம் சென்று நான்கு நாள் தங்கி வந்தேன். அங்கே கண்டதையும், திரும்பி வந்து நூலகத்தில் தேடிப் படித்ததையும் நம் ஆண்டு மலருக்காக எழுதியிருக்கிறேன். வரலாறு படிக்கும் மாணவனான எனக்கே நம் பிரதேசத்தின் நான்கில் ஒரு பகுதியைப் பற்றி ஒன்றும் தெரியாதிருந்தது. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

புதுச்சேரியிலிருந்து ஏனாம் ஏறத்தாழ 870 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சென்னை, நெல்லூர், விஜயவாடா, ராஜமுந்திரி என்று ஆந்திரக் கரையோரம் முழுவதையும் கடந்து, காக்கிநாடாவுக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் அதைச் சேர வேண்டும். சென்னை வழியாகக் காக்கிநாடா செல்லும் சர்க்கார் விரைவு வண்டியில்தான் போனோம். 'சர்க்கார்' என்றால் அரசாங்கம். அரசாங்க வண்டி என்ற பொருளில் வைத்த பெயர் போலும் என்று நினைத்திருந்தேன். அது பிழை. அந்தப் பெயருக்குள் பிரெஞ்சுக்காரர் இந்தியாவில் கட்ட நினைத்த பேரரசே அடங்கியிருக்கிறது. அதைப் பின்னர் கூறுகிறேன்.

முதலில் ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு இல்லையேல் ஏனாம் இல்லை. நாசிக் அருகே திரியம்பகத்தில் பிறந்து, 1,465 கிலோமீட்டர் ஓடிவரும் கோதாவரி, ராஜமுந்திரியை அடுத்த தவளேசுவரத்துக்குக் கீழே கௌதமி, வசிஷ்டா என்ற இரு பெருங் கிளைகளாகப் பிரிகிறது. கிழக்குக் கிளையான கௌதமியின் கரையில் ஏனாம் இருக்கிறது. கோரங்கி என்னும் சிற்றாறு கௌதமியை விட்டுப் பிரிந்து வடக்கே செல்வதும் இவ்வூரில்தான். எதிர்க்கரை ஒரு கோடு போலத்தான் தெரிகிறது. நம் ஊரில் சங்கராபரணியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த அகலம் சற்றுத் திகைப்பாகவே இருக்கும். கடல் ஏற்றம் இவ்வூர் வரை வருவதால் ஆற்றுநீர் சில வேளை உப்புக் கரிக்கும். கோரங்கியின் முகத்துவாரத்தில், பிச்சாவரத்தில் நாம் காண்பது போன்ற அலையாத்திக் காடு பரந்து கிடக்கிறது. 1978 முதல் அது வனவிலங்கு சரணாலயம்.

பிரதேசத்தின் பரப்பு 30 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 55,626. சுற்றிலும் ஆந்திரம். சிற்றூர்களின் பெயரைக் கேட்டாலே நிலத்தின் இயல்பு விளங்கிவிடும். தெலுங்கில் 'இசுக' என்றால் மணல், 'திப்ப' என்றால் மேடு. ஆகவே இசுகதிப்ப மணல்மேடு. 'அடவி' காடு, 'பொலம்' வயல். அடவிபொலம் காட்டைத் திருத்தி வயலாக்கிய இடம். ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல்மேல் அமைந்த ஊர் இது என்பதைப் பூகோள நூலைக் காட்டிலும் இப்பெயர்கள் நன்றாகச் சொல்கின்றன.

ஆவணிக்கு முன்பின்னாக, புதுவெள்ளம் வரும்போது, கடலிலிருந்து உல்லம் மீன் வெள்ளத்தை எதிர்த்து ஆற்றில் ஏறும். கடலில் பிடித்தால் அதற்கு ஒரு விலை. ஆற்றில் நீந்திக் கொழுத்தபின் 'புலச' என்று பெயரும் மாறும், விலையும் பன்மடங்காகும். தாலியை விற்றாவது புலச தின்ன வேண்டும் என்பது அங்குள்ளோர் பழமொழி. நான் போனது தை மாதம். அந்தப் பாக்கியம் இல்லை.

இனி வரலாறு. இந்த ஒதுக்குப்புறத்துக்குப் பிரெஞ்சுக்காரர் ஏன் வந்தனர்? துணிக்காகத்தான். கோதாவரிக் கழிமுகத்தின் கிராமங்களில் நெசவாளர் நிறைந்திருந்தனர். ஆற்றில் படகு வழியே துணி இறங்கும். மலைக்காட்டுத் தேக்கும் மிதந்து வரும். கோரங்கியில் கப்பல் கட்டவும் பழுது பார்க்கவும் துறை இருந்தது. ஏனாமுக்கு அருகிலேயே இஞ்சரத்தில் ஆங்கிலேயர் 1708-லேயே பண்டகசாலை வைத்துவிட்டனர். பிரெஞ்சுக்காரர் 1723-இல் ஏனாமில் கால் வைத்தனர். ஆதாயமில்லை என்று 1727-இல் விட்டுப் போயினர். 1731-இல் மீண்டும் வந்தனர். அப்போது புதுச்சேரியில் கவர்னராக இருந்தவர் லெனுவார்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூற விரும்புகிறேன். அக்கால நூல்களில் வரும் 'ஃபாக்டரி' என்பதை நம்மில் பலர் தேர்வில் 'தொழிற்சாலை' என்று எழுதி மதிப்பெண் இழக்கிறோம். அது சரக்கு வாங்கிச் சேர்த்து வைத்துக் கப்பலேற்றும் பண்டகசாலை. கனடாவின் வடக்கே, ஆறுமாதம் பனி உறையும் நாட்டில், மூஸ் என்ற ஆற்றின் முகத்துவாரத்தருகே இன்றும் 'மூஸ் ஃபாக்டரி' என்றே ஓர் ஊர் உண்டு. ஆங்கிலேயர் அதை 1673-இல் நிறுவினர். 1686-இல் பிரெஞ்சுப் படை பிடித்தது. 1713-இல் உட்ரெக்ட் உடன்படிக்கையால் ஆங்கிலேயருக்கே திரும்பியது. அங்கே விலங்குத் தோல், இங்கே துணி. அங்கே உறைபனி, இங்கே உப்புக்காற்று. ஆனால் ஆற்றுவாயில் கிடங்கு கட்டுவதும், எதிரி பிடிப்பதும், ஐரோப்பாவில் எங்கோ கையெழுத்தானதும் திருப்பித் தருவதும் இரு ஊர்களுக்கும் ஒன்றே.

சர்க்கார் வண்டிக்கு வருவோம். 1753-இல் ஐதராபாத் நிசாம், தம்மிடம் படையோடு இருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸிக்குப் படைச் செலவுக்காக நான்கு மாவட்டங்களின் வருவாயை விட்டுக்கொடுத்தார். அவை 'வட சர்க்கார்கள்' எனப்பட்டன. கிருஷ்ணைக் கரையிலிருந்து ஒரிசாவை நோக்கி நீண்ட அந்த நாட்டின் நடுவே ஏனாம் இருந்தது. ஐந்தே ஆண்டுகளில் எல்லாம் கைநழுவியது. லாலி, புஸ்ஸியைத் தெற்கே அழைத்துக்கொண்டார். 1758 டிசம்பரில் கொண்டூர்ப் போரில் கர்னல் ஃபோர்டு பிரெஞ்சுப் படையை முறியடித்தார். 1759 ஏப்ரலில் மசூலிப்பட்டணமும் விழுந்தது. நம் ஊர்த் தெரு ஒன்றுக்குப் பெயராக மட்டும் நாம் அறிந்த புஸ்ஸி, அந்தப் பக்கத்தில் ஒரு நாட்டையே ஆண்டவர்.

அதன்பின் ஐரோப்பாவில் போர் மூளும்போதெல்லாம் ஆங்கிலேயர் ஏனாமைப் பிடிப்பதும், சமாதானமானால் திருப்பித் தருவதும் வழக்கமாயிற்று. 1814 பாரிஸ் உடன்படிக்கையின்படி 1817-இல் கடைசியாகத் திரும்பக் கிடைத்தது. கோட்டை கட்டக்கூடாது என்பது நிபந்தனை. துணி வாணிபமோ அதற்குள் நலிந்துவிட்டது. 1820-களின் இறுதியில் ஏனாமிலிருந்து கப்பலேறிய சரக்கு மனிதர்களே. ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தெலுங்கர் இங்கிருந்து அனுப்பப்பட்டனர். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து நம்மவர் கூட்டங்கூட்டமாய்ப் போனது அதற்குப் பிறகு.

1839 நவம்பரில் பெரும்புயல் வந்தது. கடல் நாற்பது அடி உயரம் எழுந்து கோரங்கியை வாரிக்கொண்டு போனதாகக் கூறுவர். அத்துறைமுகம் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. புயல் அழித்ததில் எஞ்சியதை வண்டல் தூர்த்துவிட்டது. கடல்வாணிபம் காக்கிநாடாவுக்குப் போயிற்று. இன்று கோரங்கி ஒரு கிராமம். கப்பல்கள் நின்ற இடம் என்று தோழன் காட்டிய நீர்ப்பரப்பில் ஒரு நாட்டுப்படகு மட்டும் கட்டிக் கிடந்தது.

துறைமுகம் போனபின் ஏனாமுக்கு எஞ்சியது எல்லைக்கோடு ஒன்றே. அதைக்கொண்டே ஊர் பிழைத்தது என்றால் மிகையாகாது. சுற்றுவட்டார மக்கள் சீமைச் சரக்கு வாங்கச் செவ்வாய்ச் சந்தைக்கு வருவர். 1929-இல் பிரிட்டிஷ் இந்தியாவில் சாரதா சட்டம் குழந்தை மணத்தைத் தடைசெய்தது. பிரெஞ்சு மண்ணில் அச்சட்டம் செல்லாது. ஆகவே எல்லைக்கு அப்பாலிருந்து பெற்றோர் தம் சிறுமியரை அழைத்து வந்து இங்கே மணம் முடித்துச் சென்றனர். ஊருக்குக் 'கல்யாணபுரம்' என்றே பெயர் விழுந்தது.

இதை நான் நூலில் படித்து அறியவில்லை. தோழனின் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய நிழற்படம் மாட்டியிருந்தது. "கொள்ளுப்பாட்டி" என்றான். கோனசீமையில், ஆற்றுக்கு அக்கரையில் பிறந்தவர். எட்டு வயதில் ஒரு விடியற்காலை படகில் ஏற்றி இக்கரைக்குக் கொண்டுவந்தார்களாம். எதற்கு என்று தெரியாது. படகில் தனக்குத் தின்பண்டம் கொடுத்ததையும், கரையில் மேளக்காரர் காத்திருந்ததையும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அவன் பாட்டி இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். தோழன் மொழிபெயர்த்துச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரெஞ்சு ஆட்சி சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முத்திரைகளில் பொறித்துக்கொண்டது உண்மை. அதே ஆட்சியின் எல்லை இப்படியும் பயன்பட்டது என்பதை நம் கட்டுரைகளில் யாரும் எழுதக் காணோம்.

விடுதலையில் ஏனாம் நமக்கு முந்திக்கொண்டது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவரும், பின் இணைப்புப் போராட்டத்தில் இறங்கியவருமான தடாலா ரஃபேல் ரமணய்யாவின் தலைமையில், 1954 ஜூன் 13 அன்று தொண்டர்கள் ஊருக்குள் நுழைந்து ஆட்சியைக் கைப்பற்றி மூவண்ணக் கொடியேற்றினர். மாஹே ஜூலை 16-இல் விடுபட்டது. கீழூரில் 178 பேர் வாக்களித்து, 170 பேர் இணைப்பை ஆதரித்தது அக்டோபர் 18-இல்தான். நவம்பர் 1-இல் ஆட்சி மாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படி இணைந்தோம். கீழூர் நினைவிடத்துக்கு ஆண்டுதோறும் போகிற நாம், ஜூன் 13-ஐ அறிந்திருக்கிறோமா?

மொழியாலும் நிலத்தாலும் ஆந்திரத்தோடு சேர வேண்டிய ஊர் ஏன் நம்மோடு இருக்கிறது என்று கேட்டேன். தோழன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரு தாளில் எழுதிக்காட்டினான். அஞ்சல் குறியீடு 533464. அது ஆந்திர எண். தொலைபேசிக் குறியீடு காக்கிநாடாவினுடையது. வண்டிப் பதிவு மட்டும் பிஒய் 04. சட்டமன்றத்துக்கு ஓர் உறுப்பினர், முப்பதில் ஒன்று. "ஆந்திராவில் சேர்ந்தால் ஒரு மண்டலத்தின் மூலையில் நாங்கள் ஓர் ஊர். இங்கே நாங்கள் ஒரு பிரதேசம்" என்றான். அரசு கலைக் கல்லூரியும் அங்கே உண்டு. ஆயினும் சில படிப்புகளுக்கும், சில கையெழுத்துகளுக்கும் 870 கிலோமீட்டர் வரத்தான் வேண்டியிருக்கிறது.

கடைசி நாள் மாலை ஆற்றங்கரைக்குப் போனோம். எதுருலங்காவுக்குச் செல்லும் பாலயோகி பாலம் மேற்கே தெரிந்தது. 2002-இல் அது திறக்கப்படும் வரை கோனசீமைக்குப் போகப் படகுதான். கரையில் ஒரு சுவரில் நீர்க்கறை படிந்திருந்தது. என் மார்பளவு. 2022 ஜூலை வெள்ளத்தின் அடையாளம் என்றான். அப்போது தவளேசுவரம் அணையில் வினாடிக்கு 25 இலட்சம் கன அடிக்கு மேல் நீர் வந்தது. ஆர்தர் காட்டன் 1852-இல் கட்டி முடித்த அணைக்கட்டு இருந்த இடம் அது. 1986 ஆகஸ்டில் 35 இலட்சம் வந்ததாம். மேலே எங்கு மழை பெய்தாலும், மராத்தியத்திலும் தெலங்கானாவிலும் சத்தீசுகரிலும், நீர் இறங்குவது இவ்வழியேதான். கடலில் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் அது ஊருக்குள் நிற்கும்.

அந்த ஜூலையில்தான் அவன் பிளஸ் டூ முடித்து நம் கல்லூரிக்கு விண்ணப்பிக்க இருந்தான். சான்றிதழ்களைப் பாலித்தீன் பையில் கட்டிப் பரணில் வைத்துவிட்டு, குடும்பத்தோடு மூன்று நாள் பள்ளிக்கூட மாடியில் இருந்திருக்கிறான். மாற்றுச் சான்றிதழின் ஓரம் மட்டும் நனைந்துவிட்டது. சேர்க்கையின்போது மேசைக்கு அப்பாலிருந்தவர் அந்தக் கறையைப் பார்த்து, "பத்திரமா வைக்கத் தெரியாதா தம்பி?" என்று கேட்டாராம். ஆற்றைப் பற்றித் தமிழில் எப்படிச் சொல்வது என்று அப்போது அவனுக்குத் தெரியவில்லை. நான்கு நாள் கழித்து வகுப்பில் நாங்கள் சிரித்தோம்.