குழந்தையின் கண்ணும் நடையும்

குழந்தை நடை பயில்வது கால்களின் வேலை என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். அப்பயிற்சிக்குக் கண்ணே முதல் ஆசான் என்பதை இங்குச் சிறிது ஆராய்வோம்.

உடல் சாயாமல் நிற்பதற்குக் கண், உட்செவி, பாதங்களும் மூட்டுகளும் ஆகிய மூன்றும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. சங்கக் கணக்கை ஏட்டுக்கு ஏடு ஒத்துப் பார்ப்பதுபோல் மூளை அவற்றை ஒத்துப் பார்க்கிறது. பாம்பன் கடலில் செல்வோர் இதை அறிவர். படகினுள் குனிந்திருப்பவருக்குத் தலை சுற்றும். தொடுவானை நோக்கினால் தெளியும். கண்ணும் செவியும் ஒரே செய்தியைக் கூறுவதே காரணம்.

நிற்கப் பழகும் குழந்தையோ கண்ணையே பெரிதும் நம்புகிறது. 1974 ஆம் ஆண்டில் டேவிட் லீ என்னும் அறிஞரும் துணைவரும் இதைச் சோதித்தனர். தரை அசையாதிருக்க, அறையின் சுவர்களை மட்டும் நகர்த்தினர். நின்ற குழந்தைகள் தள்ளாடின, சில விழுந்தன.

ஆகவே பார்வையின்றிப் பிறக்கும் குழந்தை, கால்களில் குறையில்லாதிருந்தும், பெரும்பாலும் தாமதித்தே நடக்கிறது. எட்டிப் பிடிக்கத் தூண்டும் பொருள் கண்ணிற் படாமையால் தவழ்வதும் பிந்துகிறது. கிலுகிலுப்பையை எட்டத்தில் ஒலித்து அழைத்தும், கைப்பிடித்து நடத்தியும் அதைப் பழக்குதல் வேண்டும்.

சில குறைகள் தீர்க்கத் தக்கவை. பிறவிக் கண்புரை அவற்றுள் ஒன்று. பார்வையை மறைக்கும் புரையை முதல் இரண்டு மாதங்களுக்குள் அகற்றுவதே சிறந்தது. காணக் கற்கும் பருவம் கடந்தபின் புரை நீங்கினாலும் பார்வை முழுமையாக வருவதில்லை. பரமக்குடி, எமனேசுவரம் நெசவாளர்க்கு இது புதிதன்று: பாவில் அறுந்த இழையை அப்போதே பிணைத்தால் குறை தெரியாது, ஒரு முழம் நெய்தபின் கண்டால் அந்த முழம் திரும்பாது.

கருவிழி நடுவில் வெண்மை தோன்றுதல், மூன்று மாதமாகியும் தாய் முகத்தை நோக்காமை, விழிகள் ஓயாது ஆடுதல் ஆகியவை அடையாளங்கள். இவற்றுள் ஒன்று காணினும், அறுவடை முடியட்டும், கூலி கைக்கு வரட்டும் என்று நாள் கடத்தலாகாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுக. 2013 இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறவிக் கண்புரைக்குச் சிகிச்சை இலவசம். 1976 இல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனையிலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு.

கருவுற்ற தாய்க்கு வரும் ரூபெல்லா நோயும் இப்புரைக்குக் காரணமாகலாம். தமிழ்நாட்டில் 2017 முதல் அதற்குத் தடுப்பூசி போடப்படுகிறது. தவறாது போட்டுக்கொள்வது நம் கடமை. சங்கக் கூட்டத்துக்கு வரும் அங்கத்தினர் இச்செய்தியைத் தத்தம் தெருவில் பிள்ளை பெற்ற வீடுகளுக்கும் எடுத்துரைப்பாராக.