வரையும் கையுள்ள பிள்ளைக்கு: சினிமா கலை இயக்குநர் படிப்பு



பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு வழிகாட்டல் கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருவோரில், "நன்றாகப் படம் வரைகிறான், சினிமாவில் கலை இயக்குநராக வேண்டும் என்கிறான், என்ன செய்வது?" என்று கவலையோடு கேட்பவர்களும் உண்டு. பிள்ளையை அதட்டி அடக்குவதும் சரியல்ல, "உன் இஷ்டம்" என்று கைகழுவுவதும் சரியல்ல. முதலில் அந்த வேலை என்னவென்று அறிந்துகொள்வோம்.

வேலை என்ன?

கதையைப் படித்து, அதில் வரும் வீடு, கடை, தெரு ஆகியவற்றைப் பட்டியலிட வேண்டும். அளவோடு வரைபடம் போட்டு, சிறிய மாதிரி செய்து, செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். பிறகு தச்சர், பெயின்டர், மோல்டிங் தொழிலாளர்களை வைத்துக் குறித்த நாளில் செட்டை முடித்துத் தர வேண்டும். கலை இயக்குநர் பாதி ஓவியர், பாதி மேஸ்திரி.

1960இல் வெளிவந்த 'முகலே ஆஸம்' படத்தின் கண்ணாடி மாளிகையை உருவாக்கிய கலை இயக்குநர் எம்.கே.செய்யத். மும்பைத் தாராவியைச் சென்னையில் செட்டாக அமைத்த தோட்டா தரணி, 'நாயகன்' (1987) படத்துக்காகத் தேசிய விருது பெற்றார்.

என்ன படிக்கலாம்?

1. நுண்கலைப் பட்டம் (பி.எஃப்.ஏ.): பிளஸ் டூவுக்குப் பின் 4 ஆண்டுகள். 1850இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியிலும், கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியிலும் படிக்கலாம். கையால் வரைந்து காட்டும் தேர்வு உண்டு.

2. கட்டடக்கலைப் பட்டம் (பி.ஆர்க்.): 5 ஆண்டுகள். பிளஸ் டூவில் கணிதம் வேண்டும். 'நாட்டா' போன்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

3. பட்டத்துக்குப் பின், புனே திரைப்படக் கல்லூரியில் கலை இயக்கத்துக்கென்றே 3 ஆண்டுப் படிப்பு உள்ளது. நுழைவுத் தேர்வு மூலம் சேர்க்கை.

படிப்பு முடிந்ததும் கலை இயக்குநர் ஆகிவிட முடியாது. சில ஆண்டுகள் உதவியாளராக வேலை பார்க்க வேண்டும். அந்த நாட்களில் வருமானம் சீராக வராது. தமிழ்த் திரையுலகில் சங்க உறுப்பினர் அட்டையும் தேவைப்படும். இதையெல்லாம் பிள்ளையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

மார்க்கம்?

படம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, உயிருள்ளவற்றை வரைவதைக் கண்டித்த அவர்கள், மரம் போன்ற உயிரற்றவற்றை வரைந்துகொள்ள வழி சொன்னதாகப் புகாரியில் பதிவாகியுள்ளது. சுவர், வாசல், வீதி அமைப்பது செட் வேலையில் பெரும்பகுதி. ஆனால் சிலையும் மதுக்கடையும் செய்யச் சொல்லும் படங்களும் வரும், படப்பிடிப்பில் தொழுகை நேரம் தவறவும் கூடும். இவற்றை உங்கள் பகுதி ஆலிமிடம் பிள்ளையையும் அழைத்துச் சென்று கேளுங்கள்.

இதனால்தான் நாம் ஒன்றை வலியுறுத்துகிறோம்: நேரே சினிமாவுக்கு அனுப்பாதீர்கள், முதலில் நுண்கலையிலோ கட்டடக்கலையிலோ ஒரு பட்டம் முடிக்கட்டும். அந்தப் பட்டம் இருந்தால் வீட்டு உள்ளலங்காரம், கண்காட்சி அரங்கு, அருங்காட்சியகம், விளம்பரத் துறை என்று வேறு வழிகளும் திறந்திருக்கும். பிழைக்க வேறு வழி உள்ளவனால்தான், மனம் ஒப்பாத வேலை வரும்போது "வேண்டாம்" என்று சொல்ல முடியும். வேறு வழி இல்லாதவன் கிடைத்ததைச் செய்தாக வேண்டும்.

இன்றே ஒரு சோதனை

உங்கள் வீட்டு அறை ஒன்றை டேப் வைத்து அளந்து, கதவு, ஜன்னல், அலமாரியோடு அளவு மாறாமல் வரையச் சொல்லுங்கள். பிறகு அதை அட்டையில் மாதிரியாகச் செய்யட்டும். இந்தப் பொறுமையான வேலை பிடித்திருந்தால் இத்துறை ஏற்றதா என்று மேலே யோசிக்கலாம். நடிகர்களைப் பார்க்கும் ஆசை மட்டும்தான் என்றால், அதுவும் தெரிந்துவிடும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியிலும் ரிஜ்கிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

— செயலாளர்