கல்வெட்டும் சிலேட்டும் – ஒருங்கிணைந்த சுற்று வடிவமைப்பு

முன்னுரை

ஒரே சிலிக்கன் துண்டின் மேல் டிரான்சிஸ்டர்களையும் அவற்றை இணைக்கும் உலோக வழிகளையும் சேர்த்தே உருவாக்குவது ஒருங்கிணைந்த சுற்று ஆகும். வழக்கில் இதனைச் 'சிப்' என்கிறோம். 1958-இல் ஜாக் கில்பி இதனை முதன்முதலில் செய்து காட்டினார். 1959-இல் ராபர்ட் நாய்ஸ் பெருமளவில் உற்பத்தி செய்வதற்கு ஏற்ற அமைப்பை வகுத்தார். இன்று ஒரு செல்பேசியின் சிப்பிலேயே பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன. ஆயினும் இதனை வடிவமைப்பது பொறியியல் கல்லூரி மாணவர்க்கே உரியது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இயற்பியலும் கணிதமும் பயிலும் அரசு கலைக் கல்லூரி மாணவர்க்கு இத்துறையில் இடம் உண்டா என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இருவகைச் சுற்றுகள்

ஒரு குறிப்பிட்ட பணிக்கெனவே வடிவமைத்து ஆலையில் வார்த்தெடுக்கப்படுவது தனிப்பயன் சிப். இதற்கு மாஸ்க் எனப்படும் மறைப்புத் தகடுகள் பலவற்றைப் பெரும் பொருட்செலவில் செய்ய வேண்டும். வார்த்த பின் மாற்ற இயலாது. இது கல்வெட்டு போன்றது.

மற்றொன்று நிரல்படுத்தக்கூடிய சிப். இதனை எஃப்.பி.ஜி.ஏ. என்பர். ஆலையிலிருந்து வரும்போது இதற்கெனத் தனிப் பணி எதுவும் இல்லை. வாங்கியவர் தம் மேசையிலேயே அதன் உள்ளிணைப்புகளை வகுத்துக்கொள்ளலாம். வேண்டாதபோது அழித்து மாற்றலாம். இது சிலேட்டு போன்றது. சைலிங்க்ஸ் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட இவ்வகையின் முதற் சிப்பில் 64 தருக்கக் கட்டங்களே இருந்தன.

ஓர் எடுத்துக்காட்டு

இவ்விரண்டின் வேறுபாட்டை நம் பாடத்தில் வரும் முழுக் கூட்டியைக் கொண்டே அறியலாம். அதற்கு மூன்று உள்ளீடுகள்: கூட்ட வேண்டிய இரு இலக்கங்களும், முன் இடத்திலிருந்து வரும் மிகுதியும். எனவே உண்மை அட்டவணையில் 8 வரிசைகள். 000 முதல் 111 வரை எழுதினால், கூட்டுத்தொகையின் நிரல் 0, 1, 1, 0, 1, 0, 0, 1 என வரும். மிகுதியின் நிரல் 0, 0, 0, 1, 0, 1, 1, 1 என வரும்.

நிரல்படுத்தக்கூடிய சிப் இவ்விரு நிரல்களையும் அப்படியே நினைவகத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. உள்ளீடு வந்ததும் உரிய வரிசையைத் தேடி விடையைத் தருகிறது. வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்த சிறுவன் விடை சொல்வது போன்றது இது. இரு நிரல்களுக்கும் 16 நினைவுச் சிற்றறைகள் தேவை. ஒரு சிற்றறைக்கு 6 டிரான்சிஸ்டர் எனக் கொண்டால், நினைவகத்திற்கு மட்டும் 96 ஆகிறது. உரிய வரிசையைத் தெரிவு செய்யும் பகுதி இதற்கு மேல். தனிப்பயன் முறையிலோ, இதே முழுக் கூட்டியை 28 டிரான்சிஸ்டர்களில் அமைத்துவிடலாம்.

மாற்றியெழுதும் உரிமைக்கு நாம் தரும் விலை இதுவே. ஆகவே இலட்சக்கணக்கில் விற்கும் பொருளுக்குத் தனிப்பயன் சிப்பும், சில நூறு மட்டும் வேண்டிய கருவிக்கும் கற்பதற்கும் நிரல்படுத்தக்கூடிய சிப்பும் பொருந்தும்.

சரிபார்த்தல்

வடிவமைப்பதைவிடக் கடினமானது சரிபார்ப்பது. 4 இலக்கக் கூட்டி ஒன்றுக்குக் கொடுக்கக்கூடிய எண் இணைகள் 256. அனைத்தையும் சோதித்துவிடலாம். 32 இலக்கக் கூட்டிக்கோ 2-இன் அடுக்கு 64 இணைகள் உள்ளன. நொடிக்கு நூறு கோடி இணைகளைச் சோதித்தாலும் ஏறத்தாழ 584 ஆண்டுகள் ஆகும்! எனவே எவற்றைச் சோதிப்பது, எதனைக் கணித முறையில் நிறுவுவது என்று தேர்வதே வடிவமைப்பாளரின் முதன்மைத் திறன்.

இதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சிப்பில், வகுத்தலுக்கான அட்டவணையில் சில மதிப்புகள் விடுபட்டுப் போயின. கல்வெட்டில் விழுந்த பிழையாதலால் விற்ற சிப்புகளைத் திருத்த இயலவில்லை. மாற்றித் தர நேர்ந்தது. அதற்கென 47.5 கோடி டாலரை அந்நிறுவனம் ஒதுக்கியது. 1994-இல் இப்பிழையை வெளிக்கொணர்ந்தவர் பொறியாளர் அல்லர். இரட்டைப் பகா எண்களை ஆராய்ந்துகொண்டிருந்த தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியரே அவர். அமெரிக்காவில் ஒரு சிறு கல்லூரியில் அவர் பணியாற்றினார். கணித மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி இது.

நம் அருகில் நடந்த முயற்சி

மேடவாக்கத்திலிருந்து வேளச்சேரி வழியாகக் கிண்டி செல்வோர், சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திற்கு அருகாகவே செல்கின்றனர். அங்குப் பேராசிரியர் வி. காமகோடி தலைமையில் 2014-இல் 'சக்தி' என்னும் நுண்செயலித் திட்டம் தொடங்கியது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் உருவாகத் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற பொதுக் கட்டளைத் தொகுதி இதற்கு அடிப்படை. 2018-இல் ஓரிகன் மாநிலத்திலுள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் முறையில் ஒரு சிப் வார்க்கப்பட்டது. அதே ஆண்டில் மொகாலியிலுள்ள அரசு செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில் மற்றொன்று வார்க்கப்பட்டது. இஸ்ரோவுடன் இணைந்து விண்வெளிப் பயன்பாட்டிற்கென உருவாக்கிய 'ஐரிஸ்' சிப் 2025-இல் வெற்றிகரமாக இயங்கியது.

நமக்கு இதில் முக்கியமானது வேறொன்று. சக்தியின் வடிவமைப்பு எவரும் படிக்குமாறு பொதுவில் வெளியிடப்பட்டுள்ளது. அதன் சிறு வகைகளை எஃப்.பி.ஜி.ஏ. பலகையில் ஏற்றி இயக்கலாம். கல்லில் வெட்டப்பட்ட நுண்செயலியைச் சிலேட்டிலும் எழுதிப் பார்க்கலாம்!

எவ்வாறு தொடங்கலாம்?

முதலில் பூலியன் இயற்கணிதமும் உண்மை அட்டவணையும் பழக வேண்டும். இரண்டாவதாக, வெரிலாக் போன்ற வன்பொருள் விவரிப்பு மொழியைக் கற்க வேண்டும். அதில் எழுதும் வரிகள் பொதுவாக ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் கட்டளைகள் அல்ல. ஒரே வேளையில் இயங்கும் சுற்றின் வருணனை என்பதை மறத்தலாகாது. மூன்றாவதாக, ஐகாரஸ் வெரிலாக் என்ற இலவச மென்பொருளால் சாதாரணக் கணிப்பொறியிலேயே இயக்கிப் பார்க்கலாம். அதன் பின்னரே பலகை தேவைப்படும். துறைக்கு ஒன்று இருந்தாலும் முறை வைத்துப் பயிலலாம்.

முடிவுரை

வார்ப்பு ஆலைக்குப் பெருஞ்செல்வம் வேண்டும். அது அரசுகளும் பெருநிறுவனங்களும் ஆற்ற வேண்டிய பணி. வடிவமைக்கக் கற்பதற்கோ தெளிந்த சிந்தனையும், 'இது சரிதானா?' என்று விடாது கேட்கும் மனமும் வேண்டும். இவை கலைக் கல்லூரி வகுப்பறைகளுக்குப் புதியன அல்ல. உண்மை அட்டவணையைப் பிழையின்றி எழுதத் தெரிந்த மாணவர் இத்துறையின் முதற் படியில் ஏற்கெனவே நிற்கிறார். அடுத்த படியில் கால் வைப்பது அவர் கையில் உள்ளது.