செஃப் ஆர்பிடி: பூட்டை நம்பும் முன் பார்க்க வேண்டியவை

செஃப் ஸ்டோரேஜின் ஆர்பிடி இமேஜை டிஸ்க்காக வைத்து விர்ச்சுவல் மெஷின் ஓடிக்கொண்டிருந்த ஹோஸ்ட்டிலிருந்து பதில் இல்லை. அதே மெஷினை வேறொரு ஹோஸ்ட்டில் ஏற்றுகிறோம். பழைய ஹோஸ்ட் உண்மையில் சாகாமல், நெட்வொர்க் மட்டும் அறுந்திருந்தால், ஒரே டிஸ்க்கில் இருவர் எழுதி ஃபைல் சிஸ்டத்தைச் சிதைத்துவிடுவார்கள். எக்ஸ்க்ளூசிவ் லாக் இருக்கிறதே, கவலை எதற்கு என்பார்கள். லாக் என்பது பஸ் சீட்டில் போட்ட துண்டு மாதிரி. இடம் பிடித்ததைச் சொல்லும், ஆளைத் தடுக்காது. தடுப்பது பிளாக்லிஸ்ட், அதாவது யாருடைய எழுத்தை ஏற்கக் கூடாது என்று செஃப் வைத்திருக்கும் பட்டியல். அதனால் டிஸ்க்கைப் பாதுகாக்க நினைப்பவர் லாக்கைவிட, பிளாக்லிஸ்ட் போடும் உரிமையைத்தான் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

முதலில் 'ஆர்பிடி இன்ஃபோ' கொடுத்து, இமேஜின் ஃபீச்சர் வரிசையில் எக்ஸ்க்ளூசிவ் லாக் இருக்கிறதா என்று பாருங்கள். 2016இல் வந்த ஜூவல் பதிப்பிலிருந்து புதிய இமேஜ்களில் இது தானாகவே இருக்கும். பழையவற்றில் 'ஆர்பிடி ஃபீச்சர் எனேபிள்' மூலம் சேர்த்துவிடலாம். அடுத்து, ஹைப்பர்வைசர் பயன்படுத்தும் செஃப் யூசரின் கேப்ஸ், அதாவது உரிமைகள். மானிட்டர் பகுதியில் வெறும் 'அலோ ஆர்' மட்டும் இருந்தால், செத்த கிளையன்ட்டைப் பிளாக்லிஸ்ட்டில் போட அந்த யூசருக்கு உரிமை கிடையாது. லாக்கும் உடையாது; புதிய ஹோஸ்ட்டில் மெஷின் பூட் ஆகும்போதே ஐஓ எரர் வரும். 'ப்ரொஃபைல் ஆர்பிடி' என்று மாற்றுங்கள். 'செஃப் ஆத் கேப்ஸ்' பழையதை முழுக்க அழித்துவிட்டுத்தான் எழுதும். ஓஎஸ்டி (தரவைச் சேமிக்கும் டீமன்) பகுதியையும் அதே கட்டளையில் திரும்பக் கொடுக்காவிட்டால், அந்த யூசரை நம்பி ஓடும் மெஷின்கள் எல்லாம் படுத்துவிடும். ஒரு கிளையன்ட் இன்னொன்றை வெளியேற்ற உரிமை தருவது ஆபத்தில்லையா என்று கேட்கலாம். ஆபத்துதான்; கீ திருட்டுப் போனால் அடுத்தவர் மெஷினை முடக்கலாம். ஆனால் இந்த உரிமை இல்லாவிட்டால் ஹோஸ்ட் சாகும் ஒவ்வொரு முறையும் ஒரு ஆள் கையால் லாக்கை உடைக்க வேண்டியிருக்கும். நடுராத்திரி அவசரத்தில் அவர் தவறான இமேஜில் கை வைப்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

பிறகு ஒத்திகை. சோதனை ஹோஸ்ட் ஒன்றின் ஸ்டோரேஜ் நெட்வொர்க்கை அறுத்துவிட்டு, மெஷினை வேறு ஹோஸ்ட்டில் கிளப்புங்கள். பழைய கிளையன்ட்டின் வாட்ச் (இமேஜைத் திறந்து வைத்திருப்பதற்கான பதிவு) காலாவதியாக வழக்கமாக 30 விநாடி ஆகும். 'ஆர்பிடி ஸ்டேட்டஸ்' அதைக் காட்டும். அதன்பின் 'செஃப் ஓஎஸ்டி பிளாக்லிஸ்ட் எல்எஸ்' கொடுத்தால் 10.0.0.21:0/3710147553 போன்ற ஒரு முகவரி தெரியும். சாய்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்தான் முக்கியம்: தண்டனை அந்த ஒரு கிளையன்ட்டுக்கு மட்டும், முழு ஹோஸ்ட்டுக்கு அல்ல. (கர்னல் வழியாக மேப் செய்தால் பல இமேஜ்கள் ஒரே கிளையன்ட்டைப் பகிர்வது வழக்கம், அப்போது அத்தனைக்கும் அடி விழும்.) நெட்வொர்க் திரும்பியதும் பழைய ஹோஸ்ட்டில் மெஷினை ஓட்டும் கியூஇஎம்யு ப்ராசஸ் 108 என்ற எரர் வாங்கி நிற்க வேண்டும். கிளஸ்டரைக் கவனிக்கும் பேஸ்மேக்கர், செத்த ஹோஸ்ட்டின் பவரையே துண்டிக்கும்போது பிளாக்லிஸ்ட் எதற்கு என்றால், பவர் கன்ட்ரோலரும் அதே அறுந்த நெட்வொர்க்கில் இருந்தால் துண்டிப்பதே நடக்காது. பிளாக்லிஸ்ட்டோ தாமதமாக வரும் எழுத்தையும் ஓஎஸ்டியின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

இன்னொரு தப்பான நம்பிக்கை, லாக் இருந்தால் ஒரே இமேஜை இரண்டு மெஷினில் மாட்டினாலும் இரண்டாவது தானாகத் தடுக்கப்படும் என்பது. உயிரோடு இருக்கும் கிளையன்ட் கேட்டால் மற்றது லாக்கைக் கொடுத்துவிடும். லைவ் மைக்ரேஷன் நடப்பதே இதனால்தான். இரண்டு மெஷினும் லாக்கை மாறி மாறிப் பிடித்து எக்ஸ்டி4ஐக் குதறிவிடும், செஃப் ஒரு எரரும் காட்டாது. பிளாக்லிஸ்ட் வழக்கமாக 1 மணி நேரத்தில் தானே கழன்றுவிடும். அதற்குள் பழைய ப்ராசஸைக் கொன்றாக வேண்டும். அதை உயிர்ப்பிக்க நினைத்துப் பிளாக்லிஸ்ட்டை முன்கூட்டி நீக்காதீர்கள்.