தாதியர் ஏன் மீண்டும் கேட்கின்றனர்?

மருந்துத் தட்டுடன் வரும் தாதி, நோயாளியின் சீட்டைக் கண்டதும் நின்று, மருத்துவரைத் தொலைபேசியில் அழைப்பதுண்டு. "இந்த மிஸ்ஸிக்கு வேலை தெரியாதோ?" என்று நம்மில் சிலர் முணுமுணுப்பர். வேலை நன்கு தெரிந்ததனாலேயே அவர் கேட்கிறார் என்பதை நாம் உணர வேண்டும்.

மருத்துவரின் உத்தரவில் ஐயம் எவ்வாறு எழுகிறது? 1 மில்லிகிராம் என்பதை 1.0 என எழுதி, புள்ளி மங்கிவிட்டால், அது 10 ஆகிவிடும். இன்சுலின் அளவைக் குறிக்கும் 'யூனிட்' என்னும் சொல்லை ஆங்கிலத்தில் ஒரே எழுத்தாகச் சுருக்கினால், அது சுழியம் போல் தோன்றும். 4 யூனிட் 40 ஆகிவிடும். மூட்டுவாதத்திற்கு வாரம் ஒருமுறை உண்ண வேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

கேளாமற் பணிவதும் தீங்கே. 1966ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைக் காண்போம். முன்பின் அறியாத ஒருவர், தம்மை மருத்துவர் எனக் கூறித் தொலைபேசியில் 20 மில்லிகிராம் மருந்து கொடுக்கப் பணித்தார். உயர்ந்த அளவு 10 மில்லிகிராம் என்று பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருந்தது. ஆயினும் 22 தாதியருள் 21 பேர் கொடுக்கப் புறப்பட்டனர். ஆய்வாளர்கள் தடுத்து நிறுத்தினர். 1977இல் வெளியான மற்றோர் ஆய்வில், தாதியர் நன்கறிந்த மருந்து பயன்படுத்தப்பட்டது. சக தாதியரைக் கலந்துகொள்ளவும் வாய்ப்பிருந்தது. அப்போது 18 பேரில் இருவரே கொடுக்க முனைந்தனர். அறிவும் கலந்தாலோசனையும் உயிர் காக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே, உத்தரவு விளங்காதபோது நல்ல தாதி ஊகித்துக் கொடுப்பதில்லை. எழுதிய மருத்துவரையே கேட்கிறார். தொலைபேசியில் கேட்டதை எழுதிக்கொண்டு, மருந்தின் பெயரையும் அளவையும் திரும்பப் படித்துக் காட்டுகிறார். ஐயம் தீராவிடில் மருந்தை நிறுத்திவைத்து, மேலதிகாரியிடம் தெரிவிக்கிறார்.

நமக்கும் கடமையுண்டு. மலாக்கா, ஜாசின், அலோர்காஜா மருத்துவமனைகளுக்கோ அருகிலுள்ள கிளினிக்கிற்கோ செல்லும்போது, வீட்டில் உண்ணும் மருந்துகளை உறையோடு எடுத்துச் செல்வோம். ஒவ்வாத மருந்து உண்டெனில் முன்னரே சொல்வோம். பெயரைக் கேட்டால் முழுமையாகக் கூறுவோம். "இது என்ன மருந்து? எத்தனை வேளை?" என்று நாமும் கேட்போம். மாத்திரையின் நிறமோ எண்ணிக்கையோ மாறியிருந்தால், விழுங்குமுன் வினவுவோம்.

தாதி கேட்கும் ஒரு கேள்விக்காகச் சிறிது நேரம் காத்திருப்பதால் நமக்கு இழப்பொன்றும் இல்லை. கேளாமல் விட்டால் இழக்க நேர்வது உயிராகவும் இருக்கலாம்.