எஞ்சின் எச்சரிக்கை விளக்கு: குறியீட்டிலிருந்து பழுதைக் கண்டறிதல்

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிவதற்கான காரணத்தை விளக்குவீர்கள்.
• பழுதுக் குறியீடு ஒன்றைப் பகுத்து வாசிப்பீர்கள்.
• அளவீடுகளைக் கொண்டு பழுதான பகுதியை இனங்காண்பீர்கள்.
• பாவித்த வாகனம் ஒன்றை வாங்கும்போது அவ்விளக்கைச் சரியாகப் பரிசோதிப்பீர்கள்.

அறிமுகம்

உங்கள் மாமா கிளிநொச்சியிலிருந்து திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றுவதற்காகப் பாவித்த பெற்றோல் பிக்கப் ஒன்றை வாங்கியுள்ளார் எனக் கொள்வோம். இரண்டாம் வாரத்தில் டாஷ்போர்டில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரிகிறது. ஒருவர் “ஒட்சிசன் உணரி போய்விட்டது, புதிதாகப் போடுங்கள்” என்கிறார். இன்னொருவர் “பற்றரி வயரைக் கழற்றிப் பூட்டுங்கள், விளக்கு அணைந்துவிடும்” என்கிறார். முதலாமவர் சொன்னபடி செய்தால் பணம் வீணாகலாம். இரண்டாமவர் சொன்னபடி செய்தால் விளக்கு அணையும்; பழுது அப்படியே இருக்கும். சரியான வழி எது என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. விளக்கு ஏன் எரிகிறது?

இன்றைய எஞ்சின்களை மின்னியற் கட்டுப்பாட்டு அலகு ஒன்று இயக்குகிறது. எஞ்சினுள் செல்லும் வளியின் அளவு, குளிர்த்தும் நீரின் வெப்பநிலை, வெளியேறும் வாயுவிலுள்ள ஒட்சிசன் முதலியவற்றை உணரிகள் அளந்து இவ்வலகுக்கு அறிவிக்கின்றன. கராஜ்களில் ‘சென்சர்’ எனப்படுபவை இவையே. கிடைக்கும் பெறுமானங்கள் எதிர்பார்த்த எல்லைக்கு வெளியே சென்றால் அலகு ஒரு குறியீட்டைத் தன் நினைவகத்தில் பதிந்து விளக்கை ஏற்றுகிறது.

இம்முறை வளி மாசடைதலைக் கட்டுப்படுத்தவே முதலில் கொண்டுவரப்பட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1988 மாதிரி வாகனங்களிலிருந்து இதனைக் கட்டாயமாக்கத் தொடங்கியது. 1996 மாதிரி ஆண்டிலிருந்து அமெரிக்காவில் விற்கப்பட்ட எல்லாக் கார்களும் சிறிய பாரவண்டிகளும் ‘ஓபிடி 2’ எனப்படும் பொது முறையைக் கொண்டிருக்க வேண்டியதாயிற்று. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001 இல் இதையொத்த விதி நடைமுறைக்கு வந்தது. எனவே விளக்கு எரிவதன் பொருள் “எஞ்சின் உடைந்துவிட்டது” என்பதல்ல. பெரும்பாலும் “தகனமோ புகைக் கட்டுப்பாடோ சரியாக நடைபெறவில்லை” என்பதாகும்.

விளக்கின் மூன்று நிலைகளை வேறுபடுத்தி அறிக.

(அ) சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் இயங்கியபின் அணைதல்: இது இயல்பானது. விளக்குத் தன்னைத்தானே பரிசோதிக்கிறது.

(ஆ) எஞ்சின் இயங்கும்போது தொடர்ந்து எரிதல்: பழுது பதியப்பட்டுள்ளது. வாகனம் வழமைபோல ஓடினால் மெதுவாகச் செலுத்திச் சென்று விரைவில் பரிசோதிக்கலாம்.

(இ) விட்டு விட்டுச் சிமிட்டுதல்: உருளைக்குள் எரிபொருள் எரியத் தவறுகிறது. கராஜில் இதனை ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். எரியாத எரிபொருள் புகைக்குழாயிலுள்ள ஊக்கி மாற்றியைச் சென்றடைந்து அங்கே எரிகிறது. பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களைக் கொண்ட அப்பகுதி அளவுமீறிச் சூடாகி உருகிவிடக்கூடும். ஆகவே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைக்க வேண்டும்.

கவனிக்க: எண்ணெய் அமுக்கத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு வேறு. அது எரிந்தால் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும்.

2. குறியீட்டை வாசித்தல்

ஸ்டியரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடிப்பகுதியில் 16 முனைகளைக் கொண்ட இணைப்பான் ஒன்று உண்டு. அதில் ஸ்கேனரைப் பொருத்தினால் குறியீடு திரையில் தோன்றும். ஆனால் ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென உற்பத்தியான பழைய வாகனங்கள் சிலவற்றில் இதே வடிவ இணைப்பான் இருந்தாலும் மலிவான பொது ஸ்கேனர் தொடர்புகொள்ளாது. அவ்வாறானவற்றுக்கு அந்த உற்பத்தியாளருக்குரிய கருவி வேண்டும்.

குறியீடு ஓர் ஆங்கில எழுத்தையும் அதன் பின் நான்கு குறிகளையும் கொண்டது. எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் உரியவை, ஆங்கில நெடுங்கணக்கின் பதினாறாம் எழுத்தாகிய ‘பீ’ இல் தொடங்கும். பீ0171 என்பதைப் பகுத்துப் பார்ப்போம்.

• பீ – எஞ்சின் அல்லது கியர்ப் பெட்டி
• 0 – எல்லா உற்பத்தியாளருக்கும் பொதுவான குறியீடு (1 எனின் அந்த உற்பத்தியாளருக்கு மட்டும் உரியது)
• 1 – எரிபொருள், வளி அளவீட்டுத் தொகுதி (3 எனின் எரிபற்றல், 4 எனின் புகைக் கட்டுப்பாடு)
• 71 – குறித்த பழுது: முதலாம் உருளை வரிசையில் எரிபொருள் போதாத கலவை

இப்பாடத்தின் மிக முக்கியமான கருத்து இதுவே: குறியீடு கூறுவது அலகு கண்ட அறிகுறியை, மாற்ற வேண்டிய பாகத்தை அன்று. காய்ச்சல் என்பது நோயின் அறிகுறியாக இருப்பதுபோல, “எரிபொருள் போதாத கலவை” என்பதும் ஓர் அறிகுறியே. அதற்குக் காரணம் பல இருக்கலாம்.

3. பழுதைத் தேடுதல்: ஓர் உதாரணம்

மாமாவின் பிக்கப்பில் பீ0171 காணப்படுகிறது எனக் கொள்க.

படி 1 – காரணங்களைப் பட்டியலிடுதல்

1 கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் வளி தேவை. கலவையில் எரிபொருள் போதாமைக்கு இரு வழிகள் உள்ளன: ஒன்று, அளக்கப்படாத வளி உள்ளே நுழைதல், மற்றையது, எரிபொருள் குறைவாக வருதல். முதலாவதற்கு வெடித்த இறப்பர்க் குழாய் அல்லது பழுதடைந்த கஸ்கெற்று காரணமாகலாம். இரண்டாவதற்கு அடைபட்ட வடி அல்லது வலுக்குறைந்த பம்பி காரணமாகலாம். வளியளவி அழுக்கடைந்து, வரும் வளியைக் குறைத்து அளந்தாலும் எரிபொருள் குறைவாகவே விடப்படும்.

படி 2 – பதியப்பட்ட நிலையைப் பார்த்தல்

குறியீடு பதியப்பட்ட கணத்தில் எஞ்சின் இருந்த நிலையையும் அலகு சேமித்து வைக்கிறது. நமது உதாரணத்தில் நீரின் வெப்பநிலை 88 பாகை செல்சியஸ். சுழற்சி வேகம் நிமிடத்துக்கு 750. அதாவது எஞ்சின் சூடாகி, வெறுமனே இயங்கிக்கொண்டிருந்தபோதே பழுது பதிந்துள்ளது.

படி 3 – எரிபொருட் திருத்தத்தை அளத்தல்

ஒட்சிசன் உணரியின் தகவலுக்கேற்ப அலகு எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிறது. இதனைச் சதவீதமாக ஸ்கேனர் காட்டும். நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் இப்பெறுமானம் பூச்சியத்தை அண்மித்திருக்கும். நமது பிக்கப்பில் வெறுமனே இயங்கும்போது +20%. நிமிடத்துக்கு 2500 சுழற்சிகளில் +5%.

இந்த வேறுபாடு எதனைக் காட்டுகிறது? கணித்துப் பார்ப்போம். இரு வேகங்களிலும் வெடிப்பினூடாகச் செக்கனுக்கு 0.6 கிராம் வளி நுழைவதாகக் கொள்க.

வெறுமனே இயங்கும்போது வளியளவி காட்டுவது செக்கனுக்கு 3 கிராம்.
மேலதிக வளி = 0.6 ÷ 3 × 100 = 20%

2500 சுழற்சிகளில் வளியளவி காட்டுவது செக்கனுக்கு 12 கிராம்.
மேலதிக வளி = 0.6 ÷ 12 × 100 = 5%

கசிவு ஒரே அளவாயினும் மொத்த வளி கூடும்போது அதன் பங்கு குறைகிறது. எனவே வெறுமனே இயங்கும்போது உயர்ந்தும் வேகம் கூடும்போது தாழ்ந்தும் காணப்படும் திருத்தம், வளிக் கசிவையே சுட்டுகிறது. மாறாக, பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது திருத்தம் உயருமாயின் வடியையும் பம்பியையும் வளியளவியையும் சந்தேகிக்க வேண்டும்.

ஒட்சிசன் உணரி இங்கு பழுதடையவில்லை என்பதைக் கவனியுங்கள். அது உண்மையையே கூறியது. அதை மாற்றியிருந்தால் புதிய உணரியும் அதே செய்தியையே கூறியிருக்கும்.

படி 4 – இடத்தைக் கண்டறிதல்

உள்ளெடுப்புக் குழாயை அண்டிய இறப்பர்க் குழாய்களை முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு வளைத்துப் பார்க்கவும். பின்னர் எஞ்சினை இயக்கி ‘உஸ்’ என்ற ஒலி கேட்கிறதா எனக் கவனிக்கவும். கராஜில் புகையைக் குழாயினுள் செலுத்தி, அது வெளிவரும் இடத்தைப் பார்ப்பதும் உண்டு. பெற்றோலைத் தெளித்துக் கசிவைத் தேடும் பழக்கம் தீவிபத்துக்கு வழிவகுக்கும்; அதனை ஒருபோதும் செய்யக்கூடாது.

படி 5 – திருத்தியபின் உறுதிப்படுத்தல்

வெடித்த குழாயை மாற்றியபின் மீண்டும் அளக்க வேண்டும். திருத்தம் பூச்சியத்தை அண்மித்தால் மாத்திரமே வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். குறியீட்டை அழிப்பது அதன் பின்னரே.

4. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

விஞ்ஞான ஆய்வுகூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி ஏனையவற்றை மாறாது வைத்திருப்பீர்கள். கராஜிலும் அதே விதிதான். குறியீடு பீ0302 எனின் இரண்டாம் உருளையில் தகனம் தவறுகிறது. ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனிக் கொயில் உள்ள எஞ்சினை அணைத்து, இரண்டாம் உருளையின் கொயிலை மூன்றாம் உருளைக்கு மாற்றுக. குறியீட்டை அழித்து மீண்டும் இயக்குக.

• குறியீடு பீ0303 ஆக மாறினால் – கொயில் பழுது.
• பீ0302 ஆகவே இருந்தால் – கொயில் நல்லது. அடுத்ததாகப் பிளக்கை இவ்வாறே மாற்றிப் பார்க்கவும். அதுவும் நல்லதாயின் எரிபொருள் தெளிப்பானையும் உருளையின் அமுக்கத்தையும் பரிசோதிக்க வேண்டும்.

கொயிலையும் பிளக்கையும் ஒன்றாக மாற்றினால் எது பழுது என்பது தெரியாமலே போகும்.

5. பாவித்த வாகனம் வாங்கும்போது

விளக்கு எரியவில்லை என்பது மட்டும் எஞ்சின் நல்லதென்பதற்குச் சான்றாகாது. பின்வருவனவற்றைப் பார்க்குக.

(i) எஞ்சினை இயக்குமுன் சாவியைத் திருப்பும்போது விளக்கு எரிகிறதா? எரியாவிடின் விளக்குப் பழுதாகியிருக்கலாம், கழற்றப்பட்டும் இருக்கலாம்.

(ii) குறியீடுகள் அண்மையில் அழிக்கப்பட்டனவா? குறியீட்டை அழிக்கும்போது அலகின் சுயபரிசோதனை முடிவுகளும் அழிகின்றன. பற்றரியைக் கழற்றினாலும் பெரும்பாலும் அவ்வாறே நிகழும். ஸ்கேனரில் ஊக்கி மாற்றி, ஒட்சிசன் உணரி முதலியவற்றின் சோதனைகள் “நிறைவடையவில்லை” எனப் பல இடங்களில் தோன்றினால், விற்பவரிடம் காரணம் கேளுங்கள். சில நாட்கள் ஓடியபின் மீண்டும் பரிசோதித்துவிட்டு விலை பேசுவது நன்று.

(iii) பல பழுதுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தோன்றிய பின்னரே விளக்கை ஏற்றும். எனவே தெருமுனைவரை ஓடிப் பார்ப்பது போதாது.

இலங்கையில் 2008 ஆம் ஆண்டு வாகனப் புகைப் பரிசோதனை ஆரம்பிக்கப்பட்டது. மறைக்கப்பட்ட ஒரு பழுது பின்னர் அப்பரிசோதனையில் வெளிப்பட்டால் செலவு வாங்கியவரையே சேரும்.

பாதுகாப்பு: மூடிய கராஜில் எஞ்சினை இயக்க வேண்டாம், காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது, உயிரைப் பறிக்கும். சுழலும் விசிறி, பட்டிகளிலிருந்து கையையும் தளர்ந்த ஆடையையும் விலக்குக. சூடான ரேடியேற்றர் மூடியைத் திறக்க வேண்டாம்.

மாதிரி வினாக்கள்

1. பீ0420 என்பது ஊக்கி மாற்றியின் வினைத்திறன் குறைந்திருப்பதைக் காட்டும் குறியீடாகும். இதனைக் கண்டவுடனேயே ஊக்கி மாற்றியைப் புதிதாக மாற்றுவது சரியா? காரணம் தருக.

2. கசியும் வளி செக்கனுக்கு 0.5 கிராம். வளியளவி காட்டுவது (அ) 2.5 கிராம், (ஆ) 10 கிராம் எனின் மேலதிக வளியின் சதவீதத்தைத் தனித்தனியே காண்க.

3. ஒரு பிக்கப்பில் வெறுமனே இயங்கும்போது எரிபொருட் திருத்தம் +3%; பாரத்துடன் மேட்டில் ஏறும்போது +24%. முதலில் எவற்றைப் பரிசோதிப்பீர்கள்?

விடைக் குறிப்பு

1. சரியன்று. குறியீடு அறிகுறியை மட்டுமே தருகிறது. புகைக்குழாயில் கசிவு, உணரியின் பிழை, தொடர்ந்த தகனத் தவறு ஆகியவை உள்ளனவா என முதலில் பார்க்க வேண்டும். தகனத் தவறைத் திருத்தாமல் புதிய ஊக்கி மாற்றியைப் பொருத்தினால் அதுவும் பழுதடையும்.

2. (அ) 20% (ஆ) 5%

3. எரிபொருள் வடி, பம்பியின் அமுக்கம், வளியளவி. திருத்தம் பாரத்துடன் உயர்வதால் வளிக் கசிவு முதற் சந்தேகமன்று.

பரீட்சையில் “பழுதைக் கண்டறியும் படிமுறையை எழுதுக” என வினவப்பட்டால் குறியீட்டை வாசித்தல், காரணங்களைப் பட்டியலிடல், அளத்தல், இடங்காணல், திருத்தல், மீண்டும் அளத்தல் என்ற ஒழுங்கில் எழுதுங்கள். இறுதிப் படியை விட்டுவிடும் மாணவர்கள் பலர். மீண்டும் அளக்காத வேலை முடிந்த வேலையன்று.