23.88 நானோமீட்டர்: அந்த .88 எங்கிருந்து வந்தது?

ப்ராஜெக்டின் இரண்டாவது ரிவ்யூ அது. எங்கள் குழுவில் மூன்று பேர். ஜிங்க் அசிடேட்டையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் கலந்து, வெள்ளையாக வந்த வீழ்படிவைக் கழுவிக் காயவைத்து, மஃபில் ஃபர்னஸில் 300, 400, 500 டிகிரி செல்சியஸில் சூடாக்கி மூன்று சாம்பிள் செய்திருந்தோம். ஜிங்க் ஆக்சைடு நானோ துகள். எக்ஸ்ஆர்டி எடுக்க வெளியே அனுப்பி, காசு கட்டி, மூன்று வாரம் காத்திருந்து வாங்கிய டேட்டா. ஸ்லைடில் ஒரு அட்டவணை போட்டிருந்தோம்: 23.88, 26.96, 32.15 நானோமீட்டர். வெப்பநிலை ஏற ஏற அளவும் அழகாக ஏறியது. எங்களுக்கு ஒரே பெருமை.

பேனலில் இருந்த மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, அந்த .88 எங்கிருந்து வந்துச்சு?"

"எக்செல்ல போட்டோம் மேடம், வந்துச்சு" என்றேன். அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அடுத்த ரிவ்யூக்குள்ள யோசிச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த குழுவைக் கூப்பிட்டார்.

அந்த மூன்று வாரத்தில் நாங்கள் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் காலேஜில் எந்த டிபார்ட்மெண்டில் நானோ ப்ராஜெக்ட் செய்தாலும் ரிப்போர்ட்டில் ஷெரர் சமன்பாடு என்று ஒரு பக்கம் இருக்கும். பெரும்பாலும் சீனியர் ரிப்போர்ட்டிலிருந்து காப்பி அடித்த பக்கம். எங்களுடையதும் அப்படித்தான்.

முதலில் அடிப்படை. எக்ஸ்ஆர்டியில் ஒரு பீக் ஏன் அகலமாக வருகிறது?

படிகத்தில் அணுக்கள் அடுக்கு அடுக்காக இருக்கின்றன. பிராக் விதிப்படி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அடுத்தடுத்த அடுக்குகளிலிருந்து வரும் எக்ஸ் கதிர்கள் சரியாக ஒத்துப்போய்ப் பலமாகின்றன. இது பிளஸ் டூவிலேயே படித்ததுதான். அங்கே சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: கோணம் இம்மியளவு தப்பினால் என்ன ஆகும்? பக்கத்துப் பக்கத்து அடுக்குகளுக்கிடையே அலைநீளத்தில் 1000-ல் 1 பங்கு வித்தியாசம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் அடுக்கும் இரண்டாவது அடுக்கும் ஏறக்குறைய ஒத்துத்தான் போகும். ஆனால் 501-வது அடுக்கு முதல் அடுக்கோடு ஒப்பிட்டால் சரியாக அரை அலைநீளம் பின்தங்கியிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். 502 வந்து இரண்டாவதை அழிக்கும். இப்படி 1000 அடுக்கு இருந்தால் எல்லாம் ஜோடி ஜோடியாக அழிந்து சிக்னலே இருக்காது. அதனால் பெரிய படிகத்தின் பீக் ஊசி மாதிரி இருக்கும்.

சின்னப் படிகத்தில் 100 அடுக்குதான் இருக்கிறது என்றால்? அழிப்பதற்கு 501-வது ஆளே இல்லை. கோணம் இன்னும் நிறையத் தப்பினால்தான் அழியும். அதுவரை சிக்னல் வந்துகொண்டே இருக்கும், பீக் அகலமாகிவிடும். ஜிங்க் ஆக்சைடின் 101 அடுக்குகளுக்கிடையே உள்ள தூரம் சுமார் 0.248 நானோமீட்டர். 24 நானோமீட்டர் படிகம் என்றால் கிட்டத்தட்ட 97 அடுக்கு. அவ்வளவுதான்.

இதைக் கணக்காக்கியவர் பால் ஷெரர். சுவிட்சர்லாந்துக்காரர், ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் டெபையின் மாணவர். 1916-ல் இருவரும் சேர்ந்து, பெரிய ஒற்றைப் படிகம் இல்லாமல் வெறும் பொடியை வைத்தே எக்ஸ் கதிர் படம் எடுக்கும் முறையைக் காட்டினார்கள். 1918-ல் ஷெரர் கூழ்மத் துகள்களின் அளவைக் கண்டுபிடிக்க இந்தச் சமன்பாட்டை எழுதினார். நானோ என்ற வார்த்தையை யாரும் இப்படிப் பயன்படுத்தாத காலம் அது.

படிக அளவு = மாறிலி கே × அலைநீளம் ÷ (பீட்டா × காஸ் தீட்டா)

பீட்டா என்பது பீக்கின் பாதி உயரத்தில் உள்ள அகலம், ரேடியனில். தீட்டா என்பது பீக் இருக்கும் கோணத்தில் பாதி. எங்கள் 300 டிகிரி சாம்பிளில் 101 பீக் 36.25 டிகிரியில் இருந்தது, அகலம் 0.35 டிகிரி. காப்பர் குழாயின் அலைநீளம் 0.15406 நானோமீட்டர். கே-க்கு 0.9. போட்டால் 23.88 வரும், நீங்களே கால்குலேட்டரில் தட்டிப் பாருங்க.

தட்டும்போது இரண்டு பள்ளம் இருக்கிறது. டிகிரியை ரேடியனாக மாற்ற மறந்தால் விடை 0.42 நானோமீட்டர் வரும். ஜிங்க் ஆக்சைடின் ஒரு யூனிட் செல்லின் உயரமே 0.52 நானோமீட்டர், ஆக அரைகுறை செல் ஒன்றைப் படிகம் என்று சொல்கிறோம் என்று அர்த்தம்! இது உடனே மாட்டிக்கொள்ளும் தப்பு. மாட்டாத தப்பு அடுத்தது: தீட்டாவுக்குப் பதில் முழு 36.25-ஐப் போட்டால் 28.15 வரும். பார்க்க ரொம்ப நல்ல பிள்ளை மாதிரி இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எங்கள் முதல் எக்செல் ஷீட்டில் இதுதான் இருந்தது, சொல்ல வெட்கம்.

இனி .88 கதைக்கு வருவோம். ஸ்கேன் 0.02 டிகிரி படியில் எடுத்தது. பீக் அகலத்தில் ஒரே ஒரு படி முன்னே பின்னே ஆனாலே விடை 1.4 நானோமீட்டர் நகரும். கே என்ற மாறிலி படிகத்தின் வடிவத்தைப் பொறுத்தது. 0.9-க்குப் பதில் 0.94 போடுபவர்களும் உண்டு, போட்டால் 24.94. ஆக தசமப் புள்ளிக்கு அப்புறம் வரும் எண்களை விடுங்கள், அதற்கு முந்தைய எண்ணே ஆடுகிறது.

ஆனால் இதெல்லாம் சில்லறை. பெரிய நோட்டு வேறு இடத்தில் இருந்தது: மெஷினின் சொந்த அகலம்.

எவ்வளவு பெரிய, குறையில்லாத படிகத்தை வைத்தாலும் எக்ஸ்ஆர்டி கருவி அகலமே இல்லாத பீக்கைத் தராது. பிளவுகளின் அகலம், கதிர் விரியும் கோணம், எல்லாம் சேர்ந்து கொஞ்சம் பரப்பிவிடும். போதாக்குறைக்கு காப்பர் குழாயிலிருந்து ஒரே அலைநீளம் வருவதில்லை. கே-ஆல்ஃபா ஒன்று, இரண்டு என்று மிக அருகருகே இரட்டையர் வருகிறார்கள். 36 டிகிரி பக்கத்தில் இவர்களின் பீக்குகள் சுமார் 0.09 டிகிரி தள்ளி விழும். எங்கள் பீக்கின் மொத்த அகலமே 0.35 என்பதை நினைவில் வையுங்க.

மெஷின் எவ்வளவு பரப்புகிறது என்று தெரிய ஸ்டாண்டர்டு பொடி ஒன்றை ஓட்ட வேண்டும். லாந்தனம் ஹெக்ஸாபோரைடு அல்லது சிலிக்கான். நல்ல பெரிய படிகங்கள், அளவால் வரும் அகலம் இல்லை என்றே சொல்லலாம். அதில் தெரியும் அகலம் மெஷினுடையது. நாங்கள் எக்ஸ்ஆர்டி எடுத்த இடத்துக்கு மெயில் போட்டோம். "எங்களுக்கெல்லாம் தர மாட்டாங்கடா" என்று என் பார்ட்னர் சொன்னான். மறுநாளே ஃபைல் வந்தது, இலவசமாக. யாரும் கேட்பதில்லை, அதனால் அனுப்புவதில்லை. 37.4 டிகிரியில் இருந்த பீக்கின் அகலம் 0.12 டிகிரி.

சரி, 0.35-லிருந்து 0.12-ஐ எப்படிக் கழிப்பது? இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது. பீக்குகள் காஸியன் வடிவம் என்றால் வர்க்கங்களைக் கழித்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 0.329 டிகிரி, படிக அளவு 25.4. லோரென்ட்ஸியன் வடிவம் என்றால் நேராகக் கழிக்க வேண்டும்: 0.23 டிகிரி, படிக அளவு 36.3 நானோமீட்டர். ஒரே டேட்டா, ஒரே பீக். 25-ம் வரலாம், 36-ம் வரலாம். உண்மையான பீக் இரண்டுக்கும் நடுவில் ஒரு கலவை. ஃபிட் செய்யும்போது சூடோ வாய்ட் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். எங்களுடையது லோரென்ட்ஸியன் பக்கம் சாய்ந்தது.

23.88 என்று இரண்டு தசமத்தோடு எழுதிய எண்ணின் நிலைமை இது.

அடுத்தது வெப்பநிலை கதை. 300-லிருந்து 500-க்குப் போகும்போது அகலம் 0.35-லிருந்து 0.26 ஆகக் குறைந்தது. படிகம் வளர்ந்தது என்று எழுதிவிட்டோம். ஆனால் பீக்கை அகலமாக்க இன்னொரு காரணம் உண்டு: படிகத்துக்குள் இருக்கும் திரிபு. சில இடங்களில் அடுக்குகள் கொஞ்சம் நெருங்கியும் சில இடங்களில் கொஞ்சம் விலகியும் இருந்தால் ஒவ்வொன்றும் சற்றே வேறு கோணத்தில் பீக் கொடுக்கும். அவசரமாக வீழ்படிவு செய்த பொடியில் இது சகஜம். கணக்குப் போட்டுப் பார்த்தோம்: 0.1 சதவீதம் திரிபு இருந்தாலே இந்த பீக்கில் 0.075 டிகிரி அகலம் சேரும். எங்கள் மொத்த மாற்றமே 0.09. அதாவது படிகம் பெரிதாக வளராமல், சூட்டில் திரிபு மட்டும் இறங்கியிருந்தாலும் கிட்டத்தட்ட இதே அட்டவணை வந்திருக்கும்!

இரண்டையும் பிரிக்க 1953-ல் வில்லியம்சனும் ஹாலும் சொன்ன வழி இருக்கிறது. அளவால் வரும் அகலமும் திரிபால் வரும் அகலமும் கோணத்தோடு வேறு வேறு விதமாக மாறுகின்றன. பீட்டா காஸ் தீட்டாவை ஒரு அச்சிலும் 4 சைன் தீட்டாவை இன்னொரு அச்சிலும் வைத்துக் கோடு போட்டால், சாய்வு திரிபைச் சொல்லும், கோடு அச்சை வெட்டும் இடம் அளவைச் சொல்லும். இதிலும் ஒரு பொறி. ஜிங்க் ஆக்சைடில் பளிச்சென்று தெரியும் மூன்று பீக்குகளும் 31-க்கும் 37-க்கும் நடுவிலேயே நெருக்கியடித்து நிற்கின்றன. அந்த மூன்றை மட்டும் வைத்துக் கோடு போட்டால் அது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும். எங்களுக்கு முதலில் நெகட்டிவ் சாய்வு வந்தது. 47, 57, 63, 68 டிகிரி பக்கம் உள்ள சின்ன பீக்குகளையும் பொறுமையாக ஃபிட் செய்து சேர்த்த பிறகுதான் ஒரு உருவம் கிடைத்தது. 300 டிகிரி சாம்பிளில் தெளிவான ஏறுமுகம், 500-ல் ஏறக்குறைய சமதளம். திரிபு இறங்கியிருக்கிறது. படிகமும் கொஞ்சம் வளர்ந்திருக்கலாம், ஆனால் நாங்கள் பீற்றிக்கொண்ட அளவுக்கு இல்லை.

கடைசியாக, எங்களுக்குள் சண்டை வந்த விஷயம். எஸ்இஎம் படம். அதில் தெரிந்த உருண்டைகள் 200 நானோமீட்டருக்கு மேல் இருந்தன. பார்ட்னர் சொன்னான், "மச்சான், அந்தப் படத்தை விட்டுரலாம்டா. எக்ஸ்ஆர்டி 24 சொல்லுது, இது 200 சொல்லுது. கேட்டா என்ன பதில் சொல்றது?" இன்னொருத்தி, "விடக்கூடாது, அதுவும் நம்ம டேட்டாதான்" என்றாள். நான் நடுவில்.

உண்மையில் முரண்பாடே இல்லை. பூந்தி லட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எஸ்இஎம் பார்ப்பது லட்டை. எக்ஸ்ஆர்டி அளப்பது பூந்தியை. ஷெரர் சமன்பாடு தருவது துகளின் அளவு அல்ல; ஒரே ஒழுங்கில் அடுக்கிய படிகப் பகுதியின் அளவு. ஒரு துகளுக்குள் நூற்றுக்கணக்கான படிகங்கள் வெவ்வேறு திசை பார்த்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். சீனியர் ரிப்போர்ட்டில் "துகள் அளவு" என்று இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டதுதான் எங்கள் தப்பு.

இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை. எங்கள் ப்ராஜெக்டின் இரண்டாம் பாதி ஈ கோலை பாக்டீரியாவைக் கட்டுப்படுத்துவது. "24 நானோமீட்டர் துகள் என்பதால் பரப்பளவு அதிகம், அதனால் நன்றாக வேலை செய்கிறது" என்று முடிவுரை வரைக்கும் எழுதி வைத்திருந்தோம். ஆனால் சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள அந்த பாக்டீரியாவின் மேல் போய் ஒட்டுவது லட்டுதானே, தனிப் பூந்தி இல்லையே! தண்ணீரில் கலக்கும்போது லட்டுகளும் ஒன்றோடொன்று சேர்ந்து இன்னும் பெரிதாகும். அதற்கு டைனமிக் லைட் ஸ்கேட்டரிங் எடுக்க வேண்டும். எங்களிடம் அது இல்லை. ஜிங்க் அயனிகள் கரைந்து வெளியே வருவதும் பாக்டீரியாவைப் பாதிக்கும், அதையும் நாங்கள் அளக்கவில்லை. ஆகவே "அதனால்" என்ற அந்த ஒரு வார்த்தையை எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு வார்த்தையை எடுத்ததும் முடிவுரையில் பாதிப் பக்கம் காலி. கைடிடம் போய்ச் சொன்னபோது ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரிப்பா, காலியா இருந்தா காலியாவே இருக்கட்டும்" என்றார்.

மூன்றாவது ரிவ்யூவில் அட்டவணை மாறியிருந்தது. 300 டிகிரி சாம்பிளுக்கு "படிக அளவு 25 முதல் 36 நானோமீட்டர், பீக் வடிவத்தைப் பொறுத்து" என்று எழுதி, பக்கத்தில் எஸ்இஎம் படத்தையும் போட்டோம். மேடம் படித்துவிட்டு கேட்டது, "ஸ்டாண்டர்டு ஃபைல் எங்க வாங்கினீங்க? ரெண்டு ஃபைலையும் ஒரே மாதிரி ஃபிட் பண்ணீங்களா?" ஒன்றில் கே-ஆல்ஃபா இரண்டை நீக்கிவிட்டு இன்னொன்றில் நீக்காமல் விட்டால் கழித்தல் தப்பாகிவிடும் என்பதால் கேட்கிறார். நல்லவேளை, அதைச் செய்திருந்தோம்.

இந்த செமஸ்டர் சாம்பிள் அனுப்பப் போகிறவர்களுக்கு: ஸ்டாண்டர்டு ஃபைல் வேண்டும் என்று அனுப்பும் படிவத்திலேயே எழுதிவிடுங்க. உங்கள் சாம்பிளுக்கு வைத்த அதே பிளவு செட்டிங்கில் ஓட்டியதா என்றும் கேளுங்க. ஸ்கேனை 80 டிகிரி வரை மெதுவாக எடுக்கச் சொல்லுங்க, இல்லாவிட்டால் அந்தச் சின்ன பீக்குகள் இரைச்சலுக்குள் மறைந்துவிடும். எக்செல் ஷீட் வேண்டுமென்றால் தருகிறேன், தீட்டாவைப் பாதியாக்கியிருக்கிறேனா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்க.